வாசமில்லாப் பூவுக்கு வக்காலத்து

கோழிக்கொண்டையைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், திருவண்ணாமலையும் சுற்றுப்பட்டு ஊர்களும் சேர்ந்து கேள்விகளால் அடித்துவிட்டன. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்த இடத்தில், யார் குறும்பாகக் கேட்டாரோ அவருக்கு முன்னுரிமை.

வாசலில் வைத்த கோழிக்கொண்டை ஒரு மாதமாக அப்படியே நிற்கிறது. எதிர்வீட்டு அம்மா நேற்று கிட்டே வந்து, "பிளாஸ்டிக்கா?" என்று கிள்ளியே பார்த்துவிட்டார். என்ன பதில் சொல்வது?
(வாசகி, வேங்கிக்கால்)

"ஆமாம், தண்ணீர் ஊற்றினால் வளருகிற பிளாஸ்டிக்" என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் அந்த அம்மாவின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். கொண்டையின் பக்கவாட்டில், தண்டை ஒட்டிய கீழ்ப்பகுதியைப் பாருங்கள். நெல்மணியைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கான பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் இதழும் மெல்லிய காகிதம். விரலால் தேய்த்தால் சரசரக்கும். மல்லிகை இதழ் உள்ளே இருக்கும் தண்ணீரால் நிமிர்ந்து நிற்பது. தண்ணீர் போனால் துவண்டுவிடும். இதுவோ பிறக்கும்போதே பாதி உலர்ந்தது, வாடுவதற்கு உள்ளே சரக்கில்லை. மேலே மடிப்பு மடிப்பாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் அலங்காரம்தான். விதை வைக்கிற வேலையெல்லாம் கீழ்த்தளத்தில் நடக்கிறது.

வாசனை இல்லாத பூவை எதற்கு வளர்க்க வேண்டும்? சாமிக்கும் ஆகாது என்கிறார் என் மாமியார்.
(செங்கம்)

மாமியாரோடு மோத எனக்குத் தெம்பில்லை. வாசமில்லாத பூவைப் பூசைக்கு எடுக்காத வீடுகள் நம் பக்கம் நிறையவே உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் உங்களோடு. கோயிலுக்கு என்றால் குருக்களைக் கேளுங்கள்.

ஆனால் மாமியாருக்கு அண்ணாமலைக் கதையை மட்டும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். அடிமுடி தேடிப் போனபோது, முடியைக் கண்டேன் என்று பிரம்மா சொன்ன பொய்க்குச் சாட்சி சொன்னது யார்? தாழம்பூ. வாசனையில் அதை மிஞ்ச ஆள் உண்டா? சிவபூசையிலிருந்து தள்ளி வைத்தார்களே, வாசனை வந்து காப்பாற்றியதா? அந்தக் கதை நடந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு வழக்கிலும் பெயர் அடிபடாத கோழிக்கொண்டையைக் குறை சொல்வது அழகில்லை.

இன்னொன்று. விடியற்காலையில் மாலை கட்டுகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சம்பங்கி ஒரு கை, மரிக்கொழுந்து ஒரு கொத்து, நடுவில் கத்தியால் துண்டு போட்ட கோழிக்கொண்டை. மத்தியானத்துக்குள் ரோஜா உதிரத் தொடங்கும், மல்லிகை பழுப்பேறும். சிவப்புப் பட்டை மட்டும் கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஆள் உயர மாலையில் வாசனைக்கு ஒருவர், கட்டுக்கோப்புக்கு ஒருவர் வேண்டும். இரண்டாவது ஆளைத்தான் உங்கள் மாமியார் கவனிக்கவில்லை.

தென்கிழக்கில் வைக்கலாமா, வடமேற்கிலா? வாஸ்து சொல்லுங்கள்.
(ஆரணி)

வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். தினம் ஆறு மணி நேரம் வெயில் படாவிட்டால் எந்த மூலையில் வைத்தாலும் தோஷம்தான்.

தீபத்தன்று வாசல் முழுக்கக் கோழிக்கொண்டை நிற்க வேண்டும் என்று ஆசை. எப்போது விதைக்க வேண்டும்?
(பே கோபுரத் தெரு)

இதுதான் கேள்வி! தீபத்துக்கு முந்தின வாரம் நர்சரிக்கு ஓடுகிற கூட்டத்தில் இனி நீங்கள் இல்லை.

விதை போட்டு நன்றாகக் கொண்டை கட்ட இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் ஆகும். கார்த்திகை தீபம் 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. சில வருடம் நவம்பர் கடைசியிலேயே வந்துவிடும். அதனால் ஆவணி முதல் பாதியில் விதை போட்டுவிடுங்கள். கொஞ்சம் முந்திப் பூத்தாலும் கவலையில்லை, காத்திருக்கத் தெரிந்த பூ இது. பகல் சுருங்கச் சுருங்க இந்தச் செடிக்குப் பூக்கிற அவசரம் கூடும். ஐப்பசியில் விதைத்தால் செடி பெரிதாகும் முன்னே பூத்து, குட்டையாக நின்றுவிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

விதை கடுகைவிடச் சின்னது. கறுப்பு, பளபளப்பு, கையில் ஒட்டிக்கொண்டு வராது. அதைக் குழி தோண்டிப் புதைக்கிறவர்கள்தான் "முளைக்கவே இல்லை" என்று கடிதம் போடுகிறார்கள். ஈர மண்ணின் மேல் தூவி, சலித்த மண்புழு உரத்தை ஒரு சிட்டிகை மேலே தூவினால் போதும். ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் முளைவிடும். நாலைந்து நிஜ இலை வந்ததும், சாயங்கால வேளையில், வேர் மண்ணோடு பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரே செடி. தரையில் என்றால் செடிக்குச் செடி ஓர் அடி.

மண்? செம்மண்ணோடு மக்கின தொழுவுரம், கொஞ்சம் மணல் அல்லது தேங்காய் நார்க்கழிவு. ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

நானும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர், வாரம் ஒருமுறை புண்ணாக்குத் தண்ணீர். ஆனாலும் செடி அடியில் கறுத்துச் சாய்கிறது. எங்கே தப்பு?
(வந்தவாசி)

அந்தப் பாசம்தான் தப்பு. கோழிக்கொண்டை வெயிலில் சாவது அபூர்வம், செல்லத்தில் சாவதுதான் வழக்கம். அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆனால் அது அழுகல். வேருக்குக் காற்றில்லாமல் மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது. அந்தச் செடி இனிப் பிழைக்காது. பிடுங்கிப் போட்டு, அதே மண்ணில் மறுபடி கோழிக்கொண்டையை வைக்காமல் இருங்கள்.

மீதிச் செடிகளுக்கு, விரலை மண்ணில் ஒரு கணு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமென்றால் வேறு வேலையைப் பாருங்கள். ஊற்றுவது வேரடியில், காலையில். கொண்டைக்கு மேல் ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள். மடிப்புக்குள் தண்ணீர் தங்கினால் பூவும் அழுகும், புழுவும் குடியேறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே இழுத்துவிடுங்கள்.

புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழுக்கும், கொண்டை சிறுக்கும். நம் பக்கம் மல்லாட்டைப் புண்ணாக்கு எளிதில் கிடைக்கிறது என்பதற்காகக் கிடைத்த செடிக்கெல்லாம் ஊற்றுவது ஒரு வட்டார வியாதி.

இந்தப் பூ மட்டும் ஏன் மூளை மாதிரி மடிந்து மடிந்து இருக்கிறது? மிஸ்ஸிடம் கேட்டேன், "அப்படித்தான்" என்றார்கள்.
(ஏழாம் வகுப்பு, போளூர்)

மிஸ் சொன்னதும் சரி, உன் கேள்வியும் சரி, தம்பி. செடியின் நுனியில் வளர்முனை என்று ஒன்று உண்டு. சாதாரணச் செடியில் அது ஒரு புள்ளி, அதனால் தண்டு குச்சியாக நீளும். கோழிக்கொண்டையில் அந்தப் புள்ளி பக்கவாட்டில் இழுபட்டு ஒரு கோடாகிவிடுகிறது. கோட்டின் எல்லா இடமும் ஒரே நேரத்தில் வளரத் துடிக்கிறது, இடம் போதவில்லை, மடிகிறது. உன் அம்மா புடவைக் கொசுவம் வைப்பதும் இடம் போதாததால்தான்.

சாமந்தியிலும் கள்ளியிலும்கூட எப்போதாவது இப்படி நடக்கும், அங்கே அது விபத்து. கோழிக்கொண்டையில் மனிதர்கள் அந்த விபத்தையே தேடித் தேடி விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் குடும்ப லட்சணம் ஆக்கிவிட்டார்கள். இதன் காட்டுப் பங்காளி உங்கள் ஊர்க் கொல்லைகளிலேயே நிற்கும். வெள்ளியும் ரோஸும் கலந்த நீளக் கதிர், மடிப்பே கிடையாது. இரண்டையும் பறித்துக்கொண்டுபோய் மிஸ் மேசையில் வை. "அப்படித்தான்" என்பதற்கு மேல் ஏதாவது வரும்.

அந்தக் காட்டுப் பங்காளியை எங்கள் ஊரில் கீரையாகச் சமைப்பார்கள். அப்படியானால் தொட்டியில் இருப்பதையும் பொரியல் செய்யலாமா?
(கலசபாக்கம்)

ஆளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மல்லாட்டைக் கொல்லையில் களையென்று பிடுங்கிப் போடுகிறார்களே, அந்தப் பண்ணைக்கீரையேதான். கோழிக்கொண்டையும் அதுவும் ஒரே இனம். தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் இதே குடும்பத்து உறவு. நைஜீரியாவில் இதைக் களையென்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். யொரூபா மக்கள் 'சோகோயோகோட்டோ' என்று பெயர் வைத்து, பாத்தி கட்டி வளர்த்துச் சாப்பிடுகிற அன்றாடக் கீரை அது. லாகோஸ் கீரை என்று உலகமே சொல்கிறது.

உங்கள் தொட்டிச் செடியிலும் பூ வருவதற்கு முந்தைய தளிர் இலையைச் சாப்பிடலாம். பூத்தபின் இலை நார் தட்டிக் கசக்கும். முதலில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளியுங்கள். ஒரு கண்டிப்பு: விதையிலிருந்து நீங்களே வளர்த்த செடி என்றால் மட்டும். நர்சரிச் செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நர்சரிக்காரருக்கே ஞாபகம் இருக்காது.

வீட்டில் கோழிக்கொண்டை வைத்தால் சேவல் சண்டை மாதிரி குடும்பத்தில் சண்டை வரும் என்கிறார்களே?
(தண்டராம்பட்டு)

சேவலைக் கொடியிலேயே வைத்திருக்கிறவர் முருகன். அவர் வீட்டில் வந்த சண்டை மாம்பழத்தால் வந்தது. தவிர, 'சேவல் விருத்தம்' என்று சேவலுக்கே தனியாகப் பாடியவர் இந்த ஊர் அருணகிரிநாதர். சேவல் சம்பந்தமான புகார்களை இங்கே கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொல்லுங்கள்.

பூவைப் பறித்தால் செடிக்கு வலிக்குமா?
(ரமண நகர்)

ரமண நகரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள். மலைமேல் இருந்த ரமணருக்குத் தினமும் சோறு சுமந்துகொண்டு போனாரே எச்சம்மாள், அவர் ஒரு லட்சம் இலையால் பூசை செய்வதாக நேர்ந்துகொண்டார். பாதி தேறிய சமயம் கோடை வந்துவிட்டது, மலையெல்லாம் அலைந்தும் இலை கிடைக்கவில்லை. என்ன செய்யலாம் என்று ரமணரிடமே போய்க் கேட்டார். இலை கிடைக்காவிட்டால் உன்னையே கிள்ளிக் கிள்ளிப் பூசை செய்யேன் என்றார் அவர். ஐயோ, வலிக்குமே என்றார் எச்சம்மாள். அப்படியானால் மரத்துக்கு மட்டும் வலிக்காதா என்று திருப்பிக் கேட்டுவிட்டார்.

ஆசிரமத்து அடுத்த தெருவுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல? தோட்டக்காரன் பதில் வேண்டுமென்றால் இந்தாருங்கள்: நடுக்கொண்டையை வெட்டினால் பக்கக் கிளைகளில் சின்னச் சின்னக் கொண்டைகள் வரும், செடி சாகாது. ஆனால் பூக்கும் முன்னே நுனியைக் கிள்ளாதீர்கள். பெரிய கொண்டை அந்த நடுத்தண்டில்தான் வரவேண்டும். இறகு மாதிரி நிமிர்ந்து பூக்கிற ரகம் இருக்கிறதே, அதை மட்டும் அரையடி உயரத்தில் கிள்ளிவிட்டால் புதராகும்.

குரங்குத் தொல்லை தாங்கவில்லை. தொட்டி தொட்டியாகக் கவிழ்க்கின்றன. என்ன வழி?
(செங்கம் ரோடு)

மலை அவற்றுடையது. நாம் பின்னால் வந்து பட்டா வாங்கியவர்கள்.

குரங்குக்குக் கோழிக்கொண்டை மேல் அப்படியொன்றும் மோகமில்லை. புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தால், உள்ளே என்னவோ புதைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகின்றன. அதனால் நாற்றுப் பருவத்தில் மேலே வலையைக் கட்டிவிடுங்கள். மாற்றி நட்டபின் மண்ணின் மேல் கூழாங்கல் பரப்புங்கள். பிளாஸ்டிக் தொட்டிக்குப் பதில் கனமான சிமெண்ட் தொட்டி. மாடியில் வாழைப்பழத் தோலை உரமென்று போடுகிற வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அது உரமல்ல, அழைப்பிதழ்.

பௌர்ணமி இரவு வாசலில் இருந்த நாலு கொண்டைகளும் காணாமல் போய்விட்டன. கிரிவலம் போனவர்கள் பறித்திருப்பார்களா?
(கிரிவலப் பாதை)

14 கிலோமீட்டர் நடக்கிறவர் பாரத்தைக் குறைக்கத்தான் பார்ப்பார். எனக்கென்னவோ தெருவுக்குள்ளேயே தேடச் சொல்லித் தோன்றுகிறது. மறுநாள் யார் வீட்டுச் சாமி படத்தில் சிவப்பு தெரிகிறது என்று பாருங்கள். வாடாத பூவைத் திருடியவர் ஒரு வாரத்துக்குத் தடயத்தை மறைக்க முடியாது.

அரை ஏக்கர் இருக்கிறது. கோழிக்கொண்டை போட்டால் காசு பார்க்கலாமா?
(பட்டதாரி, கீழ்பென்னாத்தூர்)

பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திண்டுக்கல், நிலக்கோட்டை, ஓசூர் பக்கமெல்லாம் இதை வயலாகவே போடுகிறார்கள். ஆயுத பூஜைக்கு விலை ஏறும் என்பது உங்களுக்குத் தெரிகிற மாதிரி அவர்களுக்கும் தெரியும். எல்லோரும் ஒரே வாரத்தைக் குறிவைத்து நட்டு, ஒரே நாளில் மூட்டையை இறக்கினால் மார்க்கெட்டில் என்ன நடக்கும்? பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக மிஞ்சுவது சில நாள் கைக்கு வரும், சில நாள் பைக்குள்ளேயே வராது.

இந்தப் பூவுக்கு இருக்கிற ஒரே பலம், மல்லிகை மாதிரி அன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கழுத்துப்பிடி இல்லை. செடியிலேயே சில நாள் விட்டு வைக்கலாம், பறித்தபின்னும் உடனே வாடாது. அதனால் அரை ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல், பதினைந்து நாள் இடைவெளி விட்டு மூன்று பாத்தியாக நடுங்கள். நடும் முன் இரண்டு பேரிடம் போங்கள். ஒருவர் நீங்கள் பூ போடப்போகிற மண்டிக்காரர், எந்த நிறம் ஓடுகிறது என்று அவர்தான் சொல்வார். இன்னொன்று, கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையம். மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் கோழிக்கொண்டை படுத்துவிடும். அப்படி இருந்தால் முந்தின போகம் துலுக்கச் சாமந்தி போடச் சொல்வார்கள், அது நூற்புழுவை அடக்கும். அதையும் விற்கலாம் என்பது உபரி லாபம்.

நர்சரியில் அழகாகப் பூத்திருந்த செடியைப் பார்த்து வாங்கினேன். இரண்டு மாதமாக ஓர் அங்குலம்கூட வளரவில்லை.
(செய்யாறு)

பூவைப் பார்த்து வாங்கினீர்கள், வேரைப் பார்த்திருக்க வேண்டும். சின்னப் பைக்குள் வேர் சுருண்டு இடமில்லாமல் போனால், இந்தச் செடி காலம் முடிந்தது என்று முடிவுகட்டி அவசரமாகப் பூத்துவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் வளராது. அடுத்த தடவை பூக்காத, இலை மட்டும் இருக்கிற செடியாகக் கேளுங்கள். நர்சரிக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், விலையும் குறைத்துக் கொடுப்பார்.

இலையின் அடியில் சிவப்பாகப் பொடிப் பொடியாக ஊர்கிறது.
(மொட்டைமாடித் தோட்டம், அடி அண்ணாமலை)

செம்பேன். வெயிலும் வறட்சியும் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. இரண்டு மூன்று நாள் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே சில சொட்டுச் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

எனக்குக் கோழிக்கொண்டை, என் மனைவிக்கு மல்லிகை. இருப்பதோ ஒரே தொட்டி வைக்கிற இடம். யார் ஜெயிக்க வேண்டும்?
(பெயர் வேண்டாம்)

பெயர் வேண்டாம் என்று எழுதும்போதே யார் ஜெயித்தார் என்று தெரிந்துவிட்டது. மல்லிகைக்கு வாழ்த்துகள்.

சிவப்புக் கொண்டையிலிருந்து எடுத்த விதையில் மஞ்சளும் ஆரஞ்சும் வந்திருக்கின்றன. விதை மாறிப்போய்விட்டதா?
(ஜவ்வாதுமலை அடிவாரம்)

விதை மாறவில்லை, தேனீ மாற்றிவிட்டது. பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கலப்பு நடக்கும். நிறம் மாறக் கூடாது என்றால் பிடித்த கொண்டையை, அதன் பூக்கள் விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டிவிடுங்கள். கொண்டை பழுப்பேறத் தொடங்கியதும் காகிதத்தின் மேல் கவிழ்த்துத் தட்டினால் விதை கொட்டும். காகிதம் வெள்ளையாக இருக்கட்டும், தரையில் விழுந்தால் தேட முடியாது. விதை எடுத்த கொண்டையையும் எறியாதீர்கள். நிறம் மங்காத வேறு சில கொண்டைகளோடு சேர்த்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் ஜாடியில் நிற்கும்.

ஐயா, எனக்குக் கொஞ்சம் விதை அனுப்புவீர்களா? சுயவிலாசம் எழுதிய உறை இணைத்துள்ளேன்.
(விழுப்புரம்)

உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அடுத்த தீபாவளி வாழ்த்துக்கு ஆகும். உங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் கோழிக்கொண்டை இருக்கிறதோ அவர்களிடம் கேளுங்கள். ஒரே கொண்டையில் தெருவுக்கே காணும் அளவு விதை இருக்கும், வாங்க ஆளில்லாமல் வைத்திருப்பார்கள். ஆனால் ஒன்று, விதை கொட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு அதுவாகவே முளைக்கும். அடுத்த வருடம் "இதை ஒழிப்பது எப்படி?" என்று எழுதுவீர்கள். அதற்கு நான் பதில் போடுவதாக இல்லை.